வெள்ளை மண்டபத்தை வாசித்தல்: கர்நாக்கில் ஒரு அரசச் சிற்றாலயம்

எகிப்தின் லக்சர் நகரை ஒட்டிய கர்நாக் கோயிலுக்குப் போகிறவர்களில் பலரும் 134 தூண்கள் கொண்ட பெருமண்டபத்தை அண்ணாந்து பார்த்து, கழுத்து வலித்ததும் திரும்பிவிடுகிறார்கள். அதே வளாகத்தில், முதல் முற்றத்துக்கு வடக்கே உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில், பக்கத்துக்கு ஏறக்குறைய ஆறரை மீட்டரே இருக்கும் ஒரு சிறிய சுண்ணாம்புக்கல் கட்டடம் நிற்கிறது. பன்னிரண்டாம் அரச மரபைச் சேர்ந்த முதலாம் செனுஸ்ரெத் என்ற மன்னன் கி.மு. 20ஆம் நூற்றாண்டில் கட்டியது அது. கல்லின் நிறத்தை வைத்து ஆய்வாளர்கள் அதை வெள்ளைச் சிற்றாலயம் அல்லது வெள்ளை மண்டபம் என்று அழைக்கிறார்கள். பழைய எகிப்தில் அரசச் சிற்றாலயம் என்பது என்ன, அது ஏன் அப்படிக் கட்டப்பட்டது, அதன் மேல் எழுதியிருப்பவற்றை எப்படிப் படிப்பது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்குப் பெருமண்டபத்தைவிட இந்தச் சிறு கட்டடமே நல்ல பாடம் என்பது என் எண்ணம். இங்கே எல்லாம் கண் மட்டத்தில் இருக்கிறது. தூண்களும் மேடையும் எழுத்தும் ஏறக்குறைய முழுமையாகவே மிஞ்சியிருக்கின்றன.

முதலில் சிற்றாலயம் என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எகிப்தியப் பெருங்கோயில் என்பது தெய்வம் குடியிருக்கும் வீடு. அதன் உள்ளறையில் தெய்வத்தின் திருவுருவம் இருக்கும். பூசகர்கள் அதற்கு நாள்தோறும் உணவும் உடையும் படைப்பார்கள். பொதுமக்கள் உள்ளே போக முடியாது. அரசச் சிற்றாலயம் அத்தகைய வீடு அன்று. ஒரு குறிப்பிட்ட சடங்குக்காக, பெரும்பாலும் அரசன் ஒருவனின் பெயரில், பெருங்கோயிலின் எல்லைக்குள்ளோ அதன் ஊர்வலப் பாதையிலோ எழுப்பப்படும் சிறு கட்டடம் அது. அரசன் விழாவில் வீற்றிருக்கவும், தெய்வம் ஊர்வலத்தில் சற்று இளைப்பாறவும், காணிக்கை வைக்கவும் அது பயன்பட்டது. ஒரே கட்டடம் முதலில் ஒன்றுக்கும் பிறகு வேறொன்றுக்கும் பயன்படுவதும் உண்டு. வெள்ளை மண்டபத்தின் கதையே அதுதான்.

முப்பதாம் ஆண்டு விழா

செனுஸ்ரெத் ஏறக்குறைய 45 ஆண்டுகள் ஆண்டவன். எகிப்திய மன்னன் ஒருவன் அரியணையில் முப்பது ஆண்டுகளை நிறைவு செய்தால் செட் விழா என்ற பெருவிழா எடுப்பது மரபு. முதுமை எட்டும் அரசனின் உடல் வலிமையையும் ஆளும் உரிமையையும் புதுப்பிப்பதே அந்த விழாவின் நோக்கம். அரசன் எல்லைக் குறிகளுக்கு இடையே ஓடிக் காட்டுவான். பிறகு மேல் எகிப்தின் வெண்முடியோடு ஒரு முறையும் கீழ் எகிப்தின் செம்முடியோடு ஒரு முறையும் இரு அரியணைகளில் வீற்றிருப்பான். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஆகவே எகிப்தியருக்கு மேல் எகிப்து என்பது தெற்கு, கீழ் எகிப்து என்பது வடக்கில் உள்ள கழிமுகம். வரைபடத்தை மனத்தில் வைத்துப் படிக்கத் தொடங்கும் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது தடுமாறுவார்கள்.

வெள்ளை மண்டபத்தின் எழுத்துகள் அதைச் செனுஸ்ரெத்தின் முதல் செட் விழாவோடு இணைக்கின்றன. இன்று கெய்ரோ நகருக்குள் அடங்கிவிட்ட மத்தாரியா பகுதியில், பழைய ஹீலியோபோலிஸ் நகரத்தின் எச்சமாக ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில் தனியே நிற்கும் ஒற்றைக்கல் தூணும் அதே விழாவுக்காக அவன் நிறுத்தியதே. கர்நாக்கில் சிறு மண்டபம், ஹீலியோபோலிஸில் வானளாவும் கல் என்று ஒரே விழா இரண்டு அளவுகளில் கல்லானது.

கட்டடத்தின் எலும்புக்கூடு

மண்டபத்தை வெளியிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது உயர்ந்த மேடை. அந்த மேடைக்கு எதிரெதிரான இரண்டு பக்கங்களில் தாழ்ந்த படிகள் கொண்ட சரிவுப் பாதைகள் இருக்கின்றன. இருபுறமும் குட்டையான கைப்பிடிச் சுவர்கள். மேடையின் மேல் வரிசைக்கு நான்காக நான்கு வரிசைகளில் பதினாறு தூண்கள். அவற்றில் பன்னிரண்டு வெளிச்சுற்றிலும் நான்கு நடுவிலும் நிற்கின்றன. எல்லாமே பட்டைத் தூண்கள், அதாவது பக்கங்கள் தட்டையாக இருப்பவை. உருளைத் தூணில் எழுத்து வளைந்து ஓடும். பட்டைத் தூணின் ஒவ்வொரு முகமும் ஒரு பக்கம் போலப் படிக்கக் கிடைக்கும். வாயில்களை விட்டு, வெளித்தூண்களுக்கு நடுவே இடுப்பளவு தாழ்ந்த தடுப்புக் கற்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல்விளிம்பு உருட்டிவிடப்பட்டிருக்கிறது.

தூண்களின் தலையில் உத்திரக் கற்கள், அவற்றின் மேல் தட்டையான கூரைப் பலகைகள். எகிப்தியக் கல் கட்டடக்கலையின் அடிப்படை இலக்கணம் இவ்வளவுதான்: நிற்கும் கல்லின் மேல் கிடக்கும் கல். தூண்களுக்கு இடையிலான தூரத்தைக் கிடக்கும் கல்லின் நீளமும் வலிமையுமே தீர்மானிக்கின்றன. சுண்ணாம்புக்கல் உத்திரம் நீண்டுபோனால் தன் எடையிலேயே நடுவில் விரிசல் விடும். இவ்வளவு சிறிய இடத்தில் பதினாறு தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணம் அன்று.

கூரையின் விளிம்பைச் சற்று நேரம் பார்க்க வேண்டும். அங்கே ஓர் உருண்டையான கோடு கட்டடத்தைச் சுற்றி ஓடுகிறது. அதற்கு மேல் விளிம்பு உட்குழிந்து எழுந்து, உச்சியில் வெளிப்பக்கம் விரிகிறது. எகிப்தின் ஏறக்குறைய எல்லாக் கோயில்களிலும் இந்த விளிம்பைக் காணலாம். கல் கட்டடம் வருவதற்கு முன் நாணல், பனையோலை, மண் ஆகியவற்றால் கட்டிய குடில்களின் நினைவு அது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. உருண்டைக் கோடு கட்டி வைத்த நாணல் கற்றை. விரியும் விளிம்பு சுவர் உச்சியில் தலை சாய்ந்து நிற்கும் ஓலை நுனிகள். செட் விழாவின் பழைய பந்தலும் இலேசான பொருள்களால் ஆனதே. அந்தப் பந்தலைக் கல்லில் மறுபடி செய்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் இந்தத் திறந்த அமைப்பு புரியத் தொடங்கும். கூரையில் விழும் மழைநீரை வெளியேற்றத் தூம்புகளும் வைத்திருக்கிறார்கள். மழை அரிதாகப் பெய்யும் தென் எகிப்தில் எதற்கு என்று கேட்கலாம். அரிதாகப் பெய்யும் மழை அங்கே சில சமயம் கொட்டித் தீர்க்கும்.

செட் விழாவைக் குறிக்கும் எகிப்தியச் சித்திர எழுத்தே இரட்டை அரியணைகள் கொண்ட ஒரு மேடைப் பந்தலின் படம்தான். அரசன் ஒரு பக்கம் ஏறி அமர்ந்து மறுபக்கம் இறங்கும் மேடை என்ற எண்ணத்துக்கு இரு புறமும் படிகள் உள்ள இந்த மண்டபம் நன்றாகப் பொருந்துகிறது. எழுத்தைப் பார்த்தால் கட்டடம் தெரிகிறது, கட்டடத்தைப் பார்த்தால் எழுத்து தெரிகிறது. எகிப்தியக் கலையில் இந்த இரண்டையும் பிரித்துப் படிப்பது வீண் வேலை.

படகுக்கு இளைப்பாறும் இடம்

மண்டபத்தின் நடுவில் இன்று இளஞ்சிவப்புக் கிரானைட் பீடம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் வெள்ளைக் கல் இருக்க, அது மட்டும் வேறு நிறத்தில் உறுத்தலாகத் தெரியும். அதில் உள்ள பெயர்கள் செனுஸ்ரெத்துடையவை அல்ல. அவனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிற்பட்ட மூன்றாம், நான்காம் அமெனெம்ஹாத் மன்னர்களுடையவை. விழா முடிந்த பிறகு மண்டபம் தெய்வப் படகு தங்கும் இடமாக மாறியதற்கு இந்தப் பீடத்தையே சான்றாகக் காட்டுகிறார்கள்.

தெய்வப் படகு என்றால் என்ன? நைலையே சாலையாகக் கொண்ட மக்களுக்குப் பயணம் என்றாலே படகுதான். ஆகவே தெய்வம் கோயிலை விட்டு வெளியே போகும்போது, நிலத்தின் மேல் போனாலும் படகில்தான் போகும். படகின் நடுவே ஒரு சிறு அறை, அதற்குள் திருவுருவம், அதை மறைக்கத் திரை. படகின் அடியில் நீண்ட கழிகளைக் கோத்துப் பூசகர்கள் தோளில் சுமந்து வருவார்கள். பாரம் அதிகம், வழியும் நீளம். எனவே ஆங்காங்கே படகைப் பீடத்தில் இறக்கி வைத்து, நறும்புகை காட்டிப் படையல் இட்டுப் பிறகு தூக்கிச் செல்ல நிலையங்கள் தேவைப்பட்டன. கழிகளோடு சேர்ந்து மிக நீண்டிருக்கும் படகை ஒரு சிறு அறைக்குள் திருப்புவது கடினம். எதிரெதிரே இரு வாயில்கள் இருந்தால் ஒரு பக்கம் நுழைந்து, நடுவில் வைத்து, அடுத்த பக்கம் நேராக வெளியேறலாம். அரசன் ஏறி இறங்கக் கட்டிய அமைப்பு படகு வந்து போகவும் அப்படியே பொருந்திவிட்டது.

எழுத்துக்குள் நுழைதல்

இனி தூண்களை நெருங்குவோம். எகிப்தியச் சித்திர எழுத்தில் பறவை, பாம்பு, கை, கால், கூடை என்று எல்லாமே படங்களாகத் தெரிந்தாலும் அது பட எழுத்து மட்டும் அன்று. சில குறிகள் ஒலியைத் தருகின்றன. சில சொல்லையே தருகின்றன. சில ஒலி எதையும் தராமல் சொல்லின் கடைசியில் நின்று, முன்னால் வந்தது மனிதனா, ஊரா, நடக்கும் செயலா என்று மட்டும் காட்டுகின்றன. உயிரொலிகளை அவர்கள் எழுதவில்லை. அதனால்தான் இதே மன்னனின் பெயர் ஒரு நூலில் செனுஸ்ரெத் என்றும் வேறொன்றில் சென்வொஸ்ரெத் என்றும், கிரேக்கர் வழியாக வந்த மரபில் செசொஸ்திரிஸ் என்றும் கிடைக்கிறது.

வாசிக்கும் திசையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வரியில் ஏதாவது ஒரு பறவையையோ மனித உருவையோ தேடுங்கள். அது எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் வரியின் தொடக்கம்; அதாவது உருவங்களின் முகத்துக்கு எதிரே சென்று படிக்க வேண்டும். எகிப்தியர் வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் எழுதினார்கள். ஒரு தூண் முகத்தில் அரசனும் தெய்வமும் எதிரெதிரே நின்றால், அரசனுக்குரிய எழுத்துகள் அரசன் பார்க்கும் திசையையும் தெய்வத்துக்குரியவை தெய்வம் பார்க்கும் திசையையும் நோக்கியிருக்கும். எந்தச் சொல் யாருடையது என்பதை எழுத்தின் முகமே சொல்லிவிடும்.

தூண்களில் அடிக்கடி கண்ணில் படுவது அரசனின் பெயர். எகிப்திய மன்னனுக்கு ஐந்து பெயர்கள். அவற்றுள் ஹோரஸ் பெயர் ஒரு செவ்வகத்துக்குள் எழுதப்படும். அதன் அடியில் அரண்மனை முகப்பின் மடிப்புகள், உச்சியில் ஹோரஸ் தெய்வமாகிய வல்லூறு. செனுஸ்ரெத்தின் ஹோரஸ் பெயர் அன்க்-மெசுத். பிறப்புகளின் உயிர் என்று ஏறக்குறையப் பொருள் கொள்ளலாம். அடுத்து, முடிசூடியபோது ஏற்ற பெயர் நீள்வட்டக் கயிற்று வளையத்துக்குள் வரும். அந்த வளையத்தைக் கார்ட்டூஷ் என்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு நாணல் செடியும் ஒரு தேனீயும் இருக்கும். செடி மேல் எகிப்துக்கு, தேனீ கீழ் எகிப்துக்கு; இரண்டும் சேர்ந்தால் இரு நாடுகளின் அரசன். எழுத்தே படிக்கத் தெரியாதவர்கூட அந்தத் தேனீயைத் தேடினால், பக்கத்தில் அரசன் பெயர் கிடைத்துவிடும்.

அந்த வளையத்துக்குள் மூன்றே குறிகள்: மேலே சூரிய வட்டம், நடுவில் வண்டு, கீழே உயர்த்திய இரு கைகள். சூரியன் ரா, வண்டு கெப்பெர், கைகள் கா. இருக்கும் வரிசைப்படி படித்தால் ரா-கெப்பெர்-கா என்று வரும். ஆனால் பெயர் கெப்பெர்-கா-ரா. தெய்வத்தின் பெயர் சொல்லின் எந்த இடத்தில் வந்தாலும் மரியாதைக்காக அதை முதலில் எழுதும் வழக்கம் எகிப்தியருக்கு இருந்தது. வாசிப்பவர் அதை உரிய இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். ராவின் கா தோன்றுகிறது என்பது இப்பெயரின் பொருள். கா என்பதை உயிராற்றல் என்று சொல்லலாம். சரியான இணைச்சொல் கிடையாது.

இந்த மரியாதை வழக்கம் பிற்கால அறிஞர்களையே ஏமாற்றியிருக்கிறது. செனுஸ்ரெத் என்றால் வொஸ்ரெத் என்னும் பெண் தெய்வத்தின் ஆள் என்று பொருள். தெய்வப் பெயருக்குரிய குறிகள் வளையத்துக்குள் முதலில் எழுதப்பட்டிருந்ததால், 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இருந்த வரிசையிலேயே படித்து அவனுக்கு உசெர்தெசென் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அக்காலத்து நூல்கள் எல்லாவற்றிலும் அந்தப் பெயரே இருக்கும். ஜெர்மானிய அறிஞர் குர்ட் செத்தே 1900ஆம் ஆண்டை ஒட்டி அதைத் திருத்தி, கிரேக்கர் சொன்ன செசொஸ்திரிஸ் என்ற பெயரோடு இணைத்தார். பழைய நூலகத்தில் உசெர்தெசென் என்று பார்த்தால் அது வேறொரு மன்னன் என்று எண்ண வேண்டாம்.

தூண் முகங்களில் நடப்பவை

எழுத்தை விட்டு உருவங்களுக்கு வந்தால், ஒவ்வொரு தூண் முகமும் ஒரு சந்திப்பு. பெரும்பாலானவற்றில் அரசன் கர்நாக்கின் தலைமைத் தெய்வமாகிய அமுனின் முன் நிற்கிறான். தலையில் இரண்டு உயரமான இறகுகள் உள்ள உருவம் அமுன். வேறு இடங்களில் அதே அமுன் கருவளத் தெய்வமாகிய மின்னின் வடிவில் தோன்றுகிறார்: உடல் துணியால் இறுகச் சுற்றப்பட்டது போல் இருக்கும், ஒரு கை மேலே உயர்ந்திருக்கும், ஆண்குறி விறைத்திருக்கும், பின்னால் லெட்டூஸ் செடிகள் நிற்கும். இன்றைய பார்வையாளர் சிலர் சங்கடத்தோடு நகர்ந்துவிடுவார்கள்; அரசனின் வலிமையைப் புதுப்பிக்கும் விழாவில் கருவளத் தெய்வம் இடம்பெறாமல் இருந்தால்தான் வியப்பு. அத்தும் போன்ற பிற தெய்வங்களும் வருகின்றன. அரசனின் கையைப் பற்றி அமுனிடம் அழைத்துச் செல்கின்றன.

கைகளின் செயலைக் கவனிப்பது நல்ல பயிற்சி. அரசன் தெய்வத்துக்கு ரொட்டி, பால், நறுமணப் பொருள் போன்றவற்றை நீட்டுகிறான். பதிலுக்குத் தெய்வம் அன்க் என்னும் உயிர்க்குறியை அவன் மூக்கருகே நீட்டுகிறது. மூச்சு போகும் வழியில் உயிரைக் கொடுப்பதைப் படமாகக் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அருகிலுள்ள எழுத்து நிரலின் தலைப்பில் ஒரு நாகமும் ஒரு கோலும் இருந்தால், அது பேச்சு தொடங்குவதற்கான அடையாளம். இன்னார் சொல்லும் சொற்கள் என்று பொருள். அதைத் தொடர்ந்து உனக்கு எல்லா உயிரையும் நிலைபேற்றையும் ஆட்சியையும் தருகிறேன் என்ற வகையில் தெய்வத்தின் வாக்கு வரும். இந்த வாக்கு மீண்டும் மீண்டும் வருவதால் சலிப்பு ஏற்படலாம். எழுதியவர்களுக்கு அது செய்தி அன்று. கல்லில் இருக்கும்வரை ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் செயல். தூணில் கொடுக்கும் கை இருக்கும் வரை உயிர் கொடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

செதுக்கிய விதத்தையும் சொல்லியாக வேண்டும். தூண்களில் உருவங்களைச் சுற்றியுள்ள பின்னணியை வெட்டி இறக்கி, உருவத்தை மட்டும் சில மில்லிமீட்டர் உயரத்தில் எழும்ப விட்டிருக்கிறார்கள். இந்தப் புடைப்பு முறையில் உழைப்பு அதிகம். வெட்டிக் குழித்து எழுதுவதைப் போலப் பல மடங்கு கல்லைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த மெல்லிய உயரத்துக்குள் பறவையின் இறகு ஒவ்வொன்றும், கூடையின் பின்னலும், அரசனின் ஆடை மடிப்பும் தெரிகின்றன. ஒரு வல்லூறின் எழுத்தை அருகில் நின்று பாருங்கள்: கண்ணைச் சுற்றிய கோடு, தோள் இறகுகளின் சிறு செதில்கள், வால் இறகுகளின் நீண்ட கோடுகள் என்று மூன்று வகை வெட்டுகள் ஒரு உள்ளங்கை அளவுக்குள் இருக்கும். வேறு இடங்களில் வேகமாகக் கீறிவிட்டுப் போகும் குறி இங்கே ஒரு முழுச் சிற்பம். எகிப்திய எழுத்துக் கலையின் உச்சங்களுள் ஒன்றாக இந்த மண்டபத்தைப் பலர் சொல்வது மிகை அன்று.

அடித்தளத்தில் ஒரு நாடு

தூண்களின் அழகில் மயங்கியவர்கள் தவறவிடும் பகுதி, மேடையின் வெளிப்பக்கச் சுவர். என் கருத்தில் மண்டபத்தின் விலைமதிப்பற்ற பகுதி அதுவே. அங்கே கட்டம் கட்டமாக எகிப்தின் நிர்வாக மண்டலங்கள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் மேல் எகிப்தின் 22 மண்டலங்கள், எதிர்ப்பக்கம் கீழ் எகிப்தின் மண்டலங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மண்டலத்தின் சின்னம் ஒரு கொடிக்கம்பத்தின் மேல் நிற்கும். தெற்கு எல்லையில் எலிஃபன்டைன் தீவை உள்ளடக்கிய முதல் மண்டலம் தா-செத்தி. கர்நாக் அமைந்த நான்காம் மண்டலம் வாசெத். அதன் சின்னம், இறகு கட்டிய ஒரு செங்கோல்.

சின்னங்களோடு அளவுகளும் உண்டு. நாட்டின் நீளம் இதெரு என்ற அலகில் தரப்பட்டிருக்கிறது. ஓர் இதெரு 20,000 முழம். எகிப்திய அரச முழம் ஏறக்குறைய 52.5 சென்டிமீட்டர் என்பதால் ஓர் இதெரு பத்தரைக் கிலோமீட்டர் ஆகிறது. மேல் எகிப்து 86 இதெரு, கீழ் எகிப்து 20 இதெரு, மொத்தம் 106. நம் கணக்கில் ஏறக்குறைய 1,110 கிலோமீட்டர். எலிஃபன்டைனிலிருந்து மத்தியதரைக் கடல்வரை நைலின் வளைவுகளோடு சென்றால் வரும் தூரத்துக்கு இது வியக்கத்தக்க அளவில் நெருங்கி வருகிறது. ஏறக்குறைய 3,900 ஆண்டுகளுக்கு முன் யாரோ சிலர் ஒரு நாட்டை முனையிலிருந்து முனைவரை அளந்து, அந்தக் கணக்கை அரசின் ஆவணமாக வைத்திருந்தார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது.

வெள்ளத்தின் உயரமும் அங்கே இருக்கிறது. நைல் பெருகும்போது எலிஃபன்டைனில் 21 முழத்துக்கு மேலும், இன்றைய கெய்ரோவை ஒட்டிய இடத்தில் ஏறக்குறையப் பன்னிரண்டரை முழமும், கடலருகே ஆறரை முழமும் நீர் எழும் என்று மூன்று புள்ளிகளில் அளவு சொல்லப்படுகிறது. குறுகிய பள்ளத்தாக்கில் உயரமாக எழும் வெள்ளம் கழிமுகத்தில் பரந்து தாழ்வதை இந்த மூன்று எண்களும் காட்டிவிடுகின்றன. விளைச்சலும் வரியும் வெள்ளத்தின் உயரத்தையே நம்பியிருந்ததால், இது அரசுக்கு இன்றியமையாத கணக்கு.

ஒரு விழா மண்டபத்தில் நில அளவைப் பட்டியல் எதற்கு? அது இருக்கும் இடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். அரசன் மேலே வீற்றிருக்கிறான். அவன் அமரும் மேடையைச் சுற்றி, அவனைத் தாங்குவதுபோல், நாட்டின் மண்டலங்கள் எல்லாம் தெற்கிலிருந்து வடக்கு வரை முறைப்படி நிற்கின்றன. இங்கே கட்டடத்தின் அடித்தளமே ஆட்சியின் அடித்தளமாக எழுதப்பட்டிருக்கிறது.

இடித்ததால் பிழைத்தது

இவ்வளவு முழுமையாக இந்த மண்டபம் கிடைத்ததற்குக் காரணம், அது ஒரு காலத்தில் முழுமையாகப் பிரிக்கப்பட்டதே. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோடெப் கர்நாக்கில் ஒரு புதிய வாயிற்கோபுரம் கட்டினான். எகிப்திய வாயிற்கோபுரம் என்பது நடுவில் வாயிலும் இருபுறமும் சரிந்த சுவர்களையுடைய இரண்டு பருத்த கோபுரங்களும் கொண்டது, பைலான் என்பார்கள். இன்று மூன்றாம் பைலான் எனப்படும் அதன் உட்புறத்தை நிரப்ப முந்தைய மன்னர்களின் பல கட்டடங்கள் கல் கல்லாகக் கழற்றி அடுக்கப்பட்டன. வெள்ளை மண்டபமும் அவற்றுள் ஒன்று. இதைச் சிக்கனம் என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. பழைய புனிதக் கற்களைப் புதிய புனிதக் கட்டடத்தின் வயிற்றில் வைப்பது பொருத்தமாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

அதன் பிறகு நடந்தவற்றை அந்தக் கற்கள் பார்க்கவில்லை. மூன்றாம் அமென்ஹோடெப்பின் மகன் அக்நாதன் அத்தென் என்ற சூரிய வட்டத்தை மட்டுமே போற்றி, அமுனின் பெயரையும் உருவத்தையும் நாடெங்கும் வெட்டி அழிக்கச் செய்தான். வெள்ளை மண்டபத்தின் அமுன் உருவங்கள் அப்போது பைலானுக்குள் இருந்தன. ஆகவே உளி படாமல் தப்பின. பிற்காலத்தில் எகிப்தின் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள் பலவற்றை உடைத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கியபோதும் இவை யார் கண்ணிலும் படவில்லை. கர்நாக்கில் செனுஸ்ரெத் கட்டிய பெரிய சுண்ணாம்புக்கல் கோயில் இருந்த இடம் இன்று ஏறக்குறைய வெற்று முற்றம். இடிக்கப்படாமல் நின்றது போய்விட்டது, இடிக்கப்பட்டது மிஞ்சியிருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பைலானை வலுப்படுத்தும் வேலை நடந்தபோது உள்ளிருந்த கற்களை வெளியே எடுத்தார்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஆன்றி ஷெவ்ரியே அவற்றைச் சேர்த்து, 1930களின் பிற்பகுதியில் மண்டபத்தை மீண்டும் எழுப்பினார். எழுத்து நிரல்கள் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தொடர்ந்து ஓடுவது இங்கே பெரும் உதவி. பாதி அறுந்த ஒரு வல்லூறின் கால் எந்தக் கல்லின் விளிம்பில் இருக்கிறது என்று தேடினால் அடுத்த கல் கிடைக்கும். எழுத்தே இணைப்புக் குறியாகப் பயன்பட்டது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மண்டபம் இன்று நிற்பது அதன் பழைய இடம் அன்று.

சில அடிகள் தள்ளி ஒரு சிவப்பு மண்டபம்

அதே அருங்காட்சியகத்தில், இதற்கு நாலரை நூற்றாண்டு பிற்பட்ட இன்னொரு படகுச் சிற்றாலயமும் மீண்டும் எழுப்பப்பட்டிருக்கிறது. பெண்ணாக இருந்து பேரரசராக ஆண்ட ஹட்செப்சுட் கட்டியது அது. அடியும் மேல்விளிம்பும் கரிய கல். சுவர்கள் சிவப்புக் குவார்ட்சைட் கல். வெள்ளை மண்டபம் திறந்த பந்தல் என்றால் இது சுவர்களால் மூடிய நீண்ட அறை. இங்கேதான் படகு ஊர்வலத்தைப் படமாகவே பார்க்க முடிகிறது: கர்நாக்கிலிருந்து லக்சர் கோயிலுக்கு அமுன் செல்லும் ஒப்பெத் விழாவில் படகு இறங்கி இளைப்பாறிய ஆறு நிலையங்கள் சுவரில் வரிசையாகக் காட்டப்பட்டிருக்கின்றன. வெள்ளை மண்டபத்தின் கிரானைட் பீடத்தின் மேல் என்ன நடந்திருக்கும் என்று மனத்தில் காண விரும்புகிறவர் இந்தச் சுவரைப் பார்த்துவிட்டு அங்கே திரும்பிப் போகலாம்.

இதுவும் பிரிக்கப்பட்டுப் பிற கட்டடங்களுக்குள் போய், கடந்த நூற்றாண்டில் கற்களாகத் திரும்பி வந்ததுதான். ஆனால் இதைச் சேர்ப்பது ஷெவ்ரியேவின் காலத்தில் நடக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை கற்கள் தரையில் வரிசையாகக் கிடந்தன. காரணம் எழுத்தின் அமைப்பு. இந்தக் கட்டடத்தில் பெரும்பாலும் ஒரு கல்லுக்கு ஒரு காட்சி. அரசியும் தெய்வமும் அந்தக் கல்லின் விளிம்புக்குள்ளேயே முழுமையாக நிற்கிறார்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நீளும் பறவைக் காலோ அறுந்த சொல்லோ கிடையாது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் குறையற்ற படம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்பதை முடிவு செய்யத்தான் அத்தனை ஆண்டுகள் ஆயின.